யன்னலோரத்து முட்டையும் கல்லடிப் பாலமும்: கமரா பழகின மூணு மாசம்

சுவிஸ்ல இருக்கிற பெரியம்மாட மகன் போன வருசம் மட்டக்களப்புக்கு வந்திட்டுப் போகக்குள்ள தன்ட பழைய நிக்கோன் டி3200 கமராவையும் அதோட வந்த 18-55 மில்லிமீற்றர் சூம் லென்ஸையும் "நீ வச்சிக்கடா, நான் இப்ப எல்லாம் ஃபோன்லதான் எடுக்கிறன்" எண்டு தந்திட்டுப் போயிட்டான். நானும் சந்தோசமா வாங்கி ஓட்டோ மோட்ல போட்டு கடற்கரை, கோயில், ரெண்டு கல்யாணவீடு எண்டு திரிஞ்சன், கடைசியா வீட்டுக்கு வந்து கொம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா என்ட 30,000 ரூவா ஃபோன் எடுக்கிற படத்தவிட ஒரு மசிரும் வித்தியாசம் இல்ல. வீடியோ பாத்தன் பாத்தன், பாத்துக்கொண்டே இருந்தன், பாக்கக்குள்ள எல்லாம் விளங்கும், கமராவக் கையில எடுத்தா ஒண்டும் ஞாபகம் வராது.

தை மாசம் மழை விடாம பெய்ஞ்ச ஒரு கிழமையிலதான் இதுக்கு ஒரு வழி பண்ணுவம் எண்டு முடிவெடுத்தன். 80 பக்கக் கொப்பி ஒண்டு எடுத்தன். ஒரு நேரத்தில ஒண்ட மட்டும் மாத்துறது, மத்ததெல்லாம் அசையக்கூடாது, என்ன மாத்தினன், என்ன ஆச்சு எண்டு எழுதுறது, விளங்காம அடுத்ததுக்குப் போறல்ல. இவ்வளவுதான் சட்டம்.

முதல் ஆள் முட்டை. கடையில வெள்ளை முட்டையாப் பாத்து ஒண்டு வாங்கி யன்னலுக்குப் பக்கத்தில மேசையப் போட்டு, மேல ஏ4 பேப்பர் விரிச்சி நடுவில வச்சன். முட்டை உருளும், அடியில ஒரு துளி மெழுகு விட்டா நிக்கும். அம்மம்மா மூணு நாள் பாத்திட்டு "என்ன மனே, அந்த முட்டைய அவிக்கிறதா அடைக்கு வைக்கிறதா, ஒரு முடிவச் சொல்லு" எண்டா. சிரிப்புத்தான், ஆனா நான் வெளிச்சம் எண்டா என்ன எண்டு பழகினது அந்த முட்டையிலதான்.

யன்னல் எனக்குப் பின்னால இருக்கக்குள்ள, அதாவது வெளிச்சம் என்ட முதுகுப் பக்கம் இருந்து நேரா முட்டையில விழக்குள்ள, முட்டை தட்டையா ஒரு வெள்ளை வட்டம் மாதிரித்தான் வரும். அதே யன்னல் பக்கவாட்டில இருந்தா ஒரு பக்கம் வெள்ளை, மெல்ல மெல்ல மங்கி மத்தப் பக்கம் இருட்டு, அப்பதான் கையில எடுக்கலாம் போல உருண்டையாத் தெரியும். யன்னல் முட்டைக்குப் பின்னால வந்தா ஓரத்தில மட்டும் ஒரு வெளிச்சக் கோடு. யன்னல நகத்த ஏலாதுதானே, மேசையச் சுத்தி நான்தான் நகந்தன். இதுக்கு முதல் நான் ஆக்களை எடுத்ததெல்லாம் "வெயில் முதுகுப் பக்கம் இருக்கணும்" எண்டு யாரோ சொன்னதக் கேட்டுத்தான், எல்லாரும் தட்டையா, கண்ணச் சுருக்கிக்கொண்டு நிண்டதுக்குக் காரணம் அண்டைக்குத்தான் விளங்கிச்சு.

அடுத்து அப்பாட வெள்ளை வேட்டிய ரெண்டு மடிப்பா யன்னல்ல தொங்கவிட்டன். மழை விட்டு வெயில் எறிச்ச ஒரு மத்தியானம் அது, வேட்டி இல்லாம எடுத்ததில முட்டைட நிழல் கத்தியால வெட்டின மாதிரி, வேட்டி போட்டதில நிழல்ட ஓரமே எங்க முடியுது எண்டு தெரியல்ல. வெயில் பெரிய சாமான்தான், ஆனா இங்க இருந்து பாக்கக்குள்ள வானத்தில ஒரு சின்னப் புள்ளி. வேட்டி போட்டா முட்டைக்கு வெளிச்சம் குடுக்கிறது சூரியன் இல்ல, மூணடி வேட்டி. முட்டை நிண்ட இடத்தில இருந்து பாக்கிற நேரம் வெளிச்சம் எவ்வளவு பெருசோ அவ்வளவுக்கு நிழல் மென்மை. மழை நாள்ல முகங்கள் ஏன் வடிவா வருது எண்டதும் இதுதான், மேகம் முழு வானத்துக்கும் போட்ட வேட்டி.

தூரத்தயும் அளந்தன். இரவில மேசை லைட்ல 9 வாட் பல்ப், ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்த எவ்வளவு உணருது எண்ட அளவு) 400, எஃப் (லென்ஸ் ஓட்டைட அளவு) 5.6, ரெண்டையும் அசைக்கல்ல, ஷட்டர் திறந்திருக்கிற நேரத்த மட்டும் மாத்தினன். பல்ப் முட்டையில இருந்து 1 அடியில 1/60 செக்கன், 2 அடியில 1/15, 4 அடியில 1/4. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் காலாகும் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சது, சோதினையில எழுதி மார்க்கும் வாங்கினது, ஆனா அது கமராவில வந்து நிக்கும் எண்டு நினைக்கவே இல்ல. பகல்ல யன்னலோட அதயே செய்தா கணக்கு பிழைச்சிது: 1 அடியில 1/100, 2 அடியில 1/60, 4 அடியில 1/25. ஒரு நாள் முழுக்க எங்க பிழைவிட்டன் எண்டு மண்டையப் போட்டு உடைச்சன். பிழை இல்ல, அந்தக் கணக்கு புள்ளி மாதிரி சின்ன வெளிச்சத்துக்குத்தான், யன்னல் மாதிரி பெரிய வெளிச்சத்துக்குக் கிட்ட நிக்கக்குள்ள அவ்வளவு வேகமாக் குறையாது. யன்னலோட ஒட்டி நிக்கிற ஆள் கொஞ்சம் அசைஞ்சாலும் வெளிச்சம் பெருசா மாறாது எண்டது இதில கிடைச்ச லாபம்.

ரிஃப்லெக்டர், அதாவது வெளிச்சத்தத் திருப்பி அடிக்கிற தட்டி, காசு குடுத்து வாங்கல்ல. டிவிப் பெட்டிக்குள்ள வந்த ரெஜிஃபோம் போதும். முட்டைட இருட்டுப் பக்கம் ஒரு முழத்தில நிப்பாட்டினா நிழல் மேல வருது. ரெஜிஃபோமுக்குப் பதிலா அம்மாட கறுப்புச் சீலை ஒண்ட நிப்பாட்டினா நிழல் இன்னும் ஆழமாகுது. அறைச் சுவர்ல பட்டு வாற வெளிச்சத்த அது குடிச்சிருது.

இதுக்குள்ள எனக்கு ஒரு கோவம் இருந்திச்சு, வெள்ளை முட்டை, வெள்ளைப் பேப்பர், ரெண்டும் படத்தில சாம்பலா வருது. கமரா பழுதோ எண்டு நினைச்சன். அடுப்பில இருந்து ஒரு துண்டு கரிய எடுத்து கறுப்புச் சீலையில வச்சி எடுத்தன், அதுவும் சாம்பல்! கமராவுக்கு முட்டையும் தெரியாது கரியும் தெரியாது, முன்னுக்கு என்ன நிண்டாலும் அது நடுச் சாம்பல் எண்டு நம்பி அளக்குது, அந்த 18 வீதச் சாம்பல் எண்டு சொல்றது இதத்தான். கமரா அளந்த வெளிச்சத்தக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்ல முட்டைக்கு பிளஸ் 1.3, கரிக்கு மைனஸ் 1.3 குடுத்தன், ரெண்டும் தன்ட நிறத்துக்கு வந்திச்சு.

இத வெளியில போய் பாக்கணும் எண்டு மழை விட்டதும் மோட்டச்சைக்கிள எடுத்துக்கொண்டு வவுணதீவுப் பக்கம் போனன். வயல் ஓரம் எருமைக் கூட்டம், மேல கொக்கு. இதவிட நல்ல சோதினை உலகத்தில இல்ல, கரி மேல முட்டை ஏறி இருக்கிற மாதிரி. எருமை படம் முழுக்க நிரம்பி நிண்டா கமரா அத வெளிர வச்சிரும், மைனஸ் 1 போடணும். கொக்கு மட்டும் எண்டா பிளஸ். ரெண்டும் சேந்து நிண்டா? முதல் நாள் எருமைக்குப் பாத்து அளந்தன், கொக்கு ஒரு வெள்ளை ஓட்டை மாதிரி, இறகு ஒண்டும் இல்ல. வெள்ளை ஒருக்கா எரிஞ்சா திரும்பி வராது, இருட்டில கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதால கொக்குட இறகு தப்புற மாதிரி எடுத்திட்டு, ரோ ஃபைல்ல (கமரா மாத்தாம அப்பிடியே சேமிக்கிற படம்) எருமைய பிறகு வெளிச்சமாக்கினன். நாலு தரம் போய்த்தான் ஒரு படம் சரி வந்திச்சு, அதிலயும் எருமை வால் வெட்டுப்பட்டுப் போச்சு.

பிறகு விடிய வெளிச்சம். சூரியன் தாழ நிக்கக்குள்ள வாற தங்க நிற வெளிச்சத்த வீடியோல எல்லாரும் "கோல்டன் ஹவர்" எண்டு ஒரு மணித்தியாலத்துக்குக் கதைக்கிறாங்க. நான் மாசி மாசம் கல்லடிக் கடற்கரையில போய் நிண்டு நேரம் எழுதினன். 6.20 அளவில சூரியன் கடலுக்கு மேல தலையக் காட்டுது, 6.45 தாண்ட மணல்ல அந்தத் தேன் நிறம் போயிட்டு, 7 மணிக்கு சாதாரண வெயில். அஞ்சு நாளும் இப்பிடித்தான். நாம இருக்கிறது 7.7 பாகை வடக்கில, பூமத்திய ரேகைக்குக் கிட்ட. இங்க சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா ஏறுது, மணித்தியாலத்துக்கு 15 பாகை, அந்தத் தேன் நிறம் போற 6 பாகை உயரத்துக்கு ஏற 25 நிமிசம் கூட வேணாம். ஐரோப்பாப் பக்கம் அது சரிஞ்சி சரிஞ்சி ஏறுறதால அவனுக்கு நேரம் இருக்கு, நமக்கு இல்ல. முதல் நாலு விடியலும் எங்க நிக்கிற, எந்த லென்ஸ் அளவு எண்டு யோசிச்சே முடிஞ்சி போச்சு. இப்ப முதல் நாள் பின்னேரமே போய் இடத்தப் பாத்து, தோணி எங்க நிக்கும், நிழல் எந்தப் பக்கம் விழும் எண்டு கொப்பியில கீறிக்கொண்டு வந்திருவன்.

ஏசி அறைக்குள்ள கமராவ வச்சிட்டு நேரா வெளியில கொண்டு போனா லென்ஸ்ல பனி படிஞ்சி 20 நிமிசம் ஒண்டும் தெரியாது, அந்த 20 நிமிசத்தோட விடியலும் சரி. ரெண்டு தரம் இப்பிடி ஏமாந்தன். இரவே விறாந்தையில பையோட வச்சிருங்க, பைக்குள்ள சிலிக்கா ஜெல் நாலு போடுங்க, வாவிக் காத்துக்கு லென்ஸ்ல பூஞ்சணம் பிடிக்காம இருக்கும்.

பொழுது படுறது நமக்கு மத்தப் பக்கம், வாவிக்கு மேல. கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தில நிண்டா மேற்க வாவி முழுக்கத் தெரியும், அதுக்கு ஒட்டித்தான் 2013 ல திறந்த புதுப் பாலம். பொழுது பட்டு ஒரு 20 நிமிசம் வானமும் தண்ணியும் நீலமா, பாலத்து லைட் மஞ்சளா இருக்கும், அதுக்குப் பிறகு கும்மிருட்டு. இந்த வாவியில பாடுமீன் எண்டு ஒண்டு பாடுமாம், அந்தச் சத்தம் கேக்க பறுவத்தில, பூரணையண்டு வரணும் எண்டுவாங்க, எனக்குக் கேட்டதெல்லாம் நுளம்புதான்.

சித்திரைக்கு நடந்த கதையச் சொல்லணும். எங்கட வீட்டில 2004 மார்கழி 26 சுனாமிக்கு முந்தின படம் ஒண்டும் இல்ல, அல்பம் எல்லாம் கடலோட போச்சு. அதால அம்மம்மாவுக்கு வருசத்தண்டு எல்லாரும் சேந்து நிக்கிற படம் ஒண்டு பிரேம் போட்டு வைக்கணும். பொங்கல், கைவிசேசம் எல்லாம் முடிஞ்சி ஆக்கள் சேரக்குள்ள 12 மணி. முத்தத்தில நிப்பாட்டி எடுத்தன். பாத்தா எல்லாருக்கும் கண் இருக்கிற இடத்தில ரெண்டு கறுப்புக் குழி, மூக்கு நிழல் சொண்டு வரைக்கும். நம்மட பக்கம் சித்திரை வருசத்துக்கு நாலஞ்சு நாள் முன்னுக்குத்தான் சூரியன் சரியா உச்சிக்கு மேல வாறது, திரும்ப செப்டம்பர் தொடக்கத்தில ஒருக்கா வரும். அண்டைக்கு மத்தியானம் நேரா நிண்டா நிழலே கால் அடிக்குள்ளதான். அதவிட மோசமான நேரம் முகம் எடுக்கிறதுக்கு இல்ல.

முட்டை ஞாபகம் வந்திச்சு. மாமரத்துக்குக் கீழ போவம் எண்டு மாமா சொன்னாரு, அங்க இலைக்கால விழுற வெயில் சட்டை எல்லாம் புள்ளி புள்ளியாப் போடும், வேணாம் எண்டன். விறாந்தை ஓரம், கூரை நிழல் முடியிறதுக்கு ஒரு அடி உள்ளுக்க எல்லாரையும் கொண்டு வந்தன். மேல கூரை, உச்சி வெயில் இல்ல. முன்னுக்கு எங்கட முத்தம் முழுக்க வெள்ளை மணல், வெயில் அதில பட்டுத் தெறிச்சி கீழ இருந்து முகத்துக்கு ஏறுது, கண் குழி, நாடி நிழல் எல்லாம் நிரம்பிச்சு. ஊர் முழுக்க இலவசமா விரிச்சிக் கிடக்கிற ரிஃப்லெக்டர். ஒரே ஒரு பிழை, விறாந்தையில போட்ட சிவப்புச் சீமெந்து. முன்னுக்கு இருந்த சின்னாக்களுக்கு முகம் செம்பட்டையா வந்திச்சு, பாய் ரெண்ட விரிச்சி மறைச்சன். அந்தப் படம் இப்ப சாமி அறைக்குப் பக்கத்தில தொங்குது.

அந்தச் சிவப்புச் சீமெந்துதான் என்ன நிறத்துக்குள்ள தள்ளிச்சு. வெளிச்சத்திட நிறத்துக்கு ஏத்த மாதிரி வெள்ளைய வெள்ளையாக் காட்டுற ஓட்டோ வைட் பலன்ஸ நிப்பாட்டி, நேர் வெயிலுக்கு எண்டு இருக்கிற செட்டிங்ல ஒரு கிழமை பூட்டி வச்சன். அப்பதான் கமரா இவ்வளவு நாளும் எனக்கு என்னத்த மறைச்சிது எண்டு தெரிஞ்சிது, வீட்டு பல்ப் தோடம்பழ நிறம், வேப்பமர நிழல் நீலம், பக்கத்து வீட்டுப் பச்சைச் சுவருக்குக் கிட்ட நிண்ட அக்காட மகளுக்கு கன்னம் பச்சை. பல்ப் 2700, 3000 கெல்வின் (வெளிச்சத்திட நிறத்த அளக்கிற அளவு), உச்சி வெயில் 5500 கிட்ட, நிழல் 7000க்கு மேல எண்டு நம்பர் பாடமாக்கிறத விட இந்த ஒரு கிழமை போதும். மீன் கடையில நீலத் தறப்பாளுக்குக் கீழ பாரை மீன் எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி வந்திச்சு, அங்கயே ஏ4 பேப்பர் ஒண்ட வச்சி அளந்து வைட் பலன்ஸ் போட்டன், மீன் மீனாச்சு. ஆனா கடைட ஓரத்தில வெறும் வெயில் படுற இடம் மஞ்சளாப் போச்சு, ரெண்டு விதமான வெளிச்சம் கலந்தா ஒண்டத்தான் திருத்தலாம். சாமத்தியவீட்டு ஹோல்ல லைட்டால படத்தில கோடு கோடா விழுந்ததும் இதே மாதிரி ஒரு பாடம், நம்மட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், சில லைட் செக்கனுக்கு 100 தரம் மினுங்குது, ஷட்டர 1/100 இல்லாட்டி 1/50 ல வச்சா கோடு போயிரும்.

மருதமுனைக்கு ஒரு கூட்டாளியோட போனது நிறத்துக்காகத்தான். கைத்தறி இருக்கிற வீடு ஒண்டில கேட்டு உள்ளுக்குப் போனன். சும்மா நுழையாதீங்க, நம்மட பக்கம் கமரா தூக்கினா முதல் கேள்வி "எந்த டிவி?", அடுத்தது "எந்த என்ஜிஓ?", ரெண்டும் இல்ல பழகிறன் எண்டா பிளேன்டி தந்து கதிரையும் போடுவாங்க. எனக்கு நானே போட்ட பயிற்சி, ஒரு படத்தில ரெண்டு நிறத்துக்கு மேல வரக்கூடாது. நூல் கட்டு 10 நிறம் அடுக்கின இடத்தில இது சித்திரவதை. தறியில இருந்த காக்கா (அங்க முஸ்லிம் ஆக்கள் அண்ணன அப்பிடித்தான் கூப்பிடுவாங்க) ஒருத்தர் பாத்திட்டு ரெண்டு நூல எடுத்தாரு, ஒரே சாம்பல், ஒண்ட சிவப்புக்குப் பக்கத்தில வச்சாரு, மத்தத பச்சைக்குப் பக்கத்தில. "இப்ப ரெண்டும் ஒண்டா தம்பி?" எண்டாரு. சத்தியமா ஒண்டா இல்ல, சிவப்புக்குப் பக்கத்தில இருந்தது பச்சை அடிக்குது, பச்சைக்குப் பக்கத்தில இருந்தது சிவப்பு அடிக்குது. பாரிஸ்ல கொபெலின் நெசவுச் சாலையில சாயப் பிரிவுக்குப் பொறுப்பா இருந்த செவ்ரல் எண்ட இரசாயனக்காரர் 1839 ல இதப் பத்தி எழுதி வெளியிட்டிருக்காரு, கறுப்புச் சாயம் சரியில்ல எண்டு முறைப்பாடு வர, சாயத்தில பிழை இல்ல பக்கத்தில இருக்கிற நிறத்தாலதான் அப்பிடித் தெரியுது எண்டு கண்டுபிடிச்சவர். காக்காவுக்கு அந்தாளத் தெரியாது, தேவையும் இல்ல. நான் அண்டைக்கு எடுத்த 70 படத்தில வச்சிருக்கிறது ஒண்டுதான், பச்சைப் பாவுக்கு மேல ஒரு சிவப்பு நாடா, வேற ஒண்டும் இல்ல.

கொம்பசிஷன்ல, அதாவது படத்துக்குள்ள எத எங்க வைக்கிறது எண்டதில, நான் இன்னும் கத்துக்குட்டி. மூண்டில் ஒரு பங்குக் கோடு எண்டு எல்லாரும் சொல்றத நானும் செய்து பாத்தன், எல்லாப் படமும் ஒரே ஆள் எடுத்த மாதிரி வந்திச்சு, அலுத்துப் போச்சு. உதவினது ரெண்டு வேலை. பிஸ்கட் பெட்டி மட்டையில 6க்கு 4 அங்குல ஓட்டை வெட்டி, கமரா இல்லாம அத மட்டும் கொண்டு நடந்தன். கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சா அகலம், கை நீட்டிப் பிடிச்சா சூம். ஓரத்த மட்டும் பாரு, நடுவ விடு எண்டு பழகினதுக்குப் பிறகுதான் தலைக்கு மேல முளைச்ச லைட் போஸ்ட் எல்லாம் கண்ணுக்குப் பட்டிச்சு.

மத்தது பாலமீன்மடு வெளிச்சவீடு, 1913 ல கட்டினது. அக்காட மகள நிப்பாட்டி லென்ஸ 18 ல (அகலமா) வச்சி 1 மீற்றர்ல இருந்து ஒண்டு, பிறகு 55 ல (சூம் பண்ணி) வச்சி 3 மீற்றர் தூரத்துக்குப் பின்னுக்குப் போய் ஒண்டு. பிள்ளை ரெண்டிலயும் ஒரே அளவு. வெளிச்சவீடு முதல் படத்தில தீக்குச்சி, ரெண்டாவதில மூணு மடங்கு பெருசு. சூம் பண்றது கிட்டக் கொண்டுவாற வேலை எண்டுதான் அதுவரைக்கும் நினைச்சிட்டிருந்தன். பிள்ளைக்கும் வெளிச்சவீட்டுக்கும் உள்ள உறவ மாத்தினது சூம் இல்ல, நான் பின்னுக்கு வச்ச ரெண்டு மீற்றர். அண்டைல இருந்து சூம் வளையத்த 35 ல வச்சி டேப் சுத்திட்டன், கிட்ட வேணுமெண்டா நட.

அந்த டேப்போடதான் பாலத்தடியில 36 படம் பயிற்சி செய்தன், ஒரே இடம், 36 படம், ஒண்டும் அழிக்கக்கூடாது. முதல் 10 எல்லாரும் எடுக்கிறது. 20 வரைக்கும் கடுப்பு. பிறகு வேற சாமான் இல்லாததால பாக்கத் தொடங்கினன், அதில ஒண்டு வீச்சு வலை எறியிற ஒரு அண்ணன். இடுப்பளவு தண்ணியில நிண்டு எறியிறாரு, பின்னால விடியல் வெளிச்சம், ஐஎஸ்ஓ 800, 1/1000. வலை வட்டமா ஆகாயத்தில நிக்கிற படம் ஒண்டு கிடைச்சிச்சு. மூணு மாசத்தில எடுத்ததிலயே நல்லது எண்டு பிரிண்ட் போட்டு, கொஞ்சம் இருட்டாத்தான் வந்திச்சு, அடுத்த கிழமை கொண்டு போய்க் குடுத்தன்.

வாங்கி ஈரக் கையத் துடைச்சிட்டு பாத்தாரு. "நல்லம் தம்பி. ஆனா இது விரிஞ்சி முடிஞ்சி விழுற நேரம் எடுத்தது. பாரு, இந்தப் பக்கம் சுருங்கிட்டு."

நானும் பாத்தன். உண்மைதான், ஒரு ஓரம் மடிஞ்சி கிடக்கு.

"வலைட ஒரு பக்கத்த பல்லுல கடிச்சிருக்கன் தானே, என்ட வாயப் பாரு, வலையப் பாக்காத. வாய விட்ட உடன அமத்து."

அடுத்த நாள் வெள்ளன போய் அப்பிடியே செய்தன். 11 எறி எறிஞ்சாரு, ரெண்டில வலை முழு வட்டமா வந்திருக்கு. ரெண்டிலயும் வலைட பாதி படத்துக்கு வெளியில, 35 ல கிட்டப் போய் நிண்டதால. நாளைக்கு டேப்பக் கழட்டி 24 ல வச்சிப் பாக்கணும்.